கற்றுக்கொடுத்து விலகியவர்கள்



பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் ஆண்டில் நம் வீடுகளில் ஒரே கேள்வி பலமுறை எழுகிறது: "எதைப் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும்?" சொந்த ஊரில் நிலமும் தொழிலும் கைகொடுக்காமல், மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து, வாடகை அறையில் குடும்பத்தை வளர்த்த பெற்றோர் இப்படிக் கேட்பதில் எந்தக் குற்றமுமில்லை. கணினித் துறை, செவிலியர் பணி, வங்கித் தேர்வு என்று விடைகளும் ஆயத்தமாக இருக்கின்றன. ஆயினும், உலக நாடுகளின் கல்விக்காகவும் பொதுமக்களின் நலனுக்காகவும் உழைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் உண்டு என்பதும், அவர்களில் முன்வரிசையில் நின்ற ஒருவர் வேலூரில் பிறந்தவர் என்பதும் நம் பிள்ளைகளுக்கு அரிதாகவே சொல்லப்படுகின்றன.

அவர் பெயர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தில் துணைத் தலைமை இயக்குநர் என்னும் உயர்ந்த பொறுப்பை வகித்தவர். அவருடைய வரலாற்றையும், அதே துறையில் பிரயாசப்பட்ட வேறு சிலருடைய வரலாற்றையும் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. எவ்வளவு உயரத்துக்கு ஏறினார்கள் என்பதைக்கொண்டு இவர்களை அளப்பது போதாது. தாங்கள் இல்லாமலும் நிற்கும்படி எத்தனை மனிதரை, எத்தனை நிறுவனங்களை ஆயத்தப்படுத்திவிட்டு விலகினார்கள் என்பதே இவர்களுக்குரிய சரியான அளவுகோல்.

வேலூர் முதல் ஜெனீவா வரை

மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷையா 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிறந்தார். அமெரிக்க ஆற்காடு மிஷனால் தொடங்கப்பட்ட வேலூர் ஊரிஸ் கல்லூரியில் அவருடைய தந்தையார் பால் வாரணாசி ஆதிசேஷையா தத்துவப் பேராசிரியராக இருந்தார். பின்னர் அக்கல்லூரியின் முதல்வரான முதல் இந்தியரும் அவரே. தாயார் நேசம்மா கிரேஸ். வீட்டில் புத்தகங்களுக்கும் உரையாடலுக்கும் குறைவில்லை. மால்கம் வேலூரிலும், பின்பு சென்னை லயோலா கல்லூரியிலும் கற்றார். பொருளாதாரம் அவர் தெரிந்துகொண்ட பாடம்.

1930இல் அவர் கல்கத்தாவுக்குச் சென்று, அங்குள்ள தூய பவுல் கல்லூரியில் ஆசிரியரானார். வங்காளம் அவருக்குப் புதிய மாநிலம், மொழியும் புதிது. பிறந்த மண்ணைவிட்டு வேறு மாநிலத்தில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் உரிய அனுபவம் அவருக்கும் நேர்ந்தது. ஆறு ஆண்டுகள் அங்கே கற்பித்தபின் இங்கிலாந்து சென்று, லண்டன் பொருளியல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் உயர்கல்வி பெற்றார். 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். அக்கல்லூரி நகரத்தின் நெருக்கடியைவிட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். உலக அரங்கில் அவர் காலடி வைத்தபோது அவருக்கு வயது 36. அதுவரை அவர் செய்ததெல்லாம் வகுப்பறையில் கரும்பலகையின் முன் நின்ற வேலைதான். இருபத்திரண்டு வயதிலேயே எல்லாம் கைகூட வேண்டுமென்று நம் பிள்ளைகளைத் துரிதப்படுத்துகிறோமே, அந்த அவசரம் இந்த வரலாற்றில் எங்கும் இல்லை. கற்பித்த ஆண்டுகளே அவருடைய ஆயத்த ஆண்டுகள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல்கலைக்கழகங்கள் இடிந்து கிடந்தன. மாணவர்கள் உணவும் புத்தகமும் தங்குமிடமும் இன்றித் தவித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் உலகக் கிறிஸ்தவ மாணவர் கூட்டமைப்பு தொடங்கிய நிவாரணப் பணியிலிருந்து வளர்ந்த 'பன்னாட்டு மாணவர் சேவை' என்னும் அமைப்பு இவர்களுக்காக ஜெனீவாவில் இயங்கியது. 1946இல் ஆதிசேஷையா அதன் இணைப் பொதுச் செயலாளர்களில் ஒருவராகச் சென்றார். இந்தியா அப்போது இன்னும் விடுதலை அடையவில்லை. ஆளப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர், ஆண்ட நாடுகளின் கண்டத்துக்கு உதவி செய்யப் போனார் என்பது சிறிய காரியமன்று.

22 ஆண்டுகள், ஒரே நிறுவனம்

யுனெஸ்கோவின் அமைப்புச் சாசனம் 1945 நவம்பர் 16 அன்று லண்டனில் ஏற்கப்பட்டது. 1946 நவம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் பாரிஸ். ஆதிசேஷையா 1948இல் அங்கே சேர்ந்தார். அதே ஆண்டில்தான் அதன் நிர்வாகக் குழுவுக்கு டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைவரானார். ராதாகிருஷ்ணனும் இளமையில் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் கற்றவரே. ஒரு சிறிய நகரத்தின் மிஷன் கல்லூரி இவ்விருவருடைய வாழ்வோடும் தொடர்புகொண்டிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆதிசேஷையா முதலில் பொறுப்பேற்றது ஆட்கள் பரிமாற்றத் துறை. ஒரு நாட்டு மாணவரும் ஆசிரியரும் மற்றொரு நாட்டுக்குச் சென்று கற்றுவர வழிசெய்வதே அத்துறையின் வேலை. உலகெங்கும் எந்த நாட்டில் எந்த உதவித்தொகை கிடைக்கும் என்பதைத் திரட்டித் தரும் கையேடு ஒன்றை யுனெஸ்கோ 1948 முதல் வெளியிட்டது. இணையம் இல்லாத காலத்தில், எந்தத் தொலைதூர நகரத்து நூலகத்திலும் அந்த ஒரு நூலைப் புரட்டி ஏழை மாணவர் ஒருவர் தமக்குரிய கதவைத் தேடலாம் என்பது அந்நாளில் பெரிய உதவி.

1950இல் ஐக்கிய நாடுகளின் விரிவுபடுத்தப்பட்ட தொழில்நுட்ப உதவித் திட்டம் தொடங்கியபோது, யுனெஸ்கோவில் அப்பணியை நடத்தும் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது எப்படி இயங்கியது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். இந்தக் கட்டுரையின் மையப்பொருள் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு நாடு உதவி கேட்டால் மூன்று காரியங்கள் ஒருங்கே நடைபெறும். முதலாவது, அத்துறையில் தேர்ந்த நிபுணர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து சில ஆண்டுகளுக்கு அனுப்பப்படுவார். இரண்டாவது, அவரோடு தோளோடு தோள் நின்று வேலை செய்ய உள்நாட்டவர் ஒருவர் நியமிக்கப்படுவார். மூன்றாவது, உள்நாட்டவருக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற உதவித்தொகை கொடுக்கப்படும். அவர் பயிற்சி பெற்றுத் திரும்பியதும் நிபுணர் மூட்டை கட்ட வேண்டும். நிபுணர் இன்னும் பத்து ஆண்டுகள் அங்கேயே தேவைப்பட்டால் அது அவருக்குப் பெருமை ஆகாது. திட்டம் தோற்றுவிட்டது என்பதற்கு அடையாளம். தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்வதே அவருடைய வேலை.

மும்பையில் வாழும் வாசகர்களுக்கு இதன் கனி கண்ணெதிரே நிற்கிறது. பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சோவியத் நாடு அளித்த நிதியைக்கொண்டு யுனெஸ்கோவின் தொழில்நுட்ப உதவியோடு எழும்பியது. 1958இல் வொர்லியில் ஒரு தற்காலிகக் கட்டடத்தில் 100 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. 1959 மார்ச் 10 அன்று பிரதமர் நேரு பவாயில் அடிக்கல் நாட்டினார். சோவியத் நாட்டிலிருந்து 59 நிபுணர்களும் 14 தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்து உதவினார்கள். இந்திய ஆசிரியர்கள் அங்கே சென்று பயிற்சி பெற 27 உதவித்தொகைகள் வழங்கப்பட்டன. வந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், கற்றவர்கள் பொறுப்பேற்றார்கள், 1973ஓடு அந்த உதவி முடிவுற்றது. கழகமோ இன்றும் நிற்கிறது. அதன் வாசலைக் கடந்துசெல்லும் பேருந்தில் நம்மில் பலர் நாள்தோறும் பயணம் செய்கிறோம். அந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த 59 பேரின் பெயர்கள் தெரியும்? பெயர் தெரியாமற்போனதே அவர்கள் வேலை முழுமையடைந்ததற்குச் சான்று.

ஆதிசேஷையா 1955இல் உதவித் தலைமை இயக்குநராகவும், 1963இல் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். அவை ஆப்பிரிக்கா விழித்தெழுந்த ஆண்டுகள். 1960 ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. அவ்வாண்டு ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுபட்ட காங்கோவில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. பெல்ஜிய ஆசிரியர்கள் பலர் வெளியேற, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்படும் அபாயம் நேர்ந்தது. ஹெய்ட்டி போன்ற நாடுகளிலிருந்து பிரெஞ்சு அறிந்த ஆசிரியர்களைத் திரட்டி அனுப்ப யுனெஸ்கோ பாடுபட்டது. 1961 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கக் கல்வி அமைச்சர்கள் கூடி, 1980க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்ற இலக்கை ஏற்றார்கள்.

பணம் தீர்ந்தபோது பிறந்த வழி

விலகி நிற்கும் இந்த முறை பாரிஸ் அலுவலகத்தில் பிறந்ததன்று. அதற்கு முன்பே, பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், அமெரிக்க மிஷனரி ஃபிராங்க் லாபாக் அதைக் கண்டடைந்திருந்தார். அங்கு வாழும் மரனாவோ மக்கள் இஸ்லாமியர். அவர்களுடைய மொழியை அச்சிட்டு வாசிக்கும் வழக்கம் அப்போது இல்லை. லாபாக் அம்மொழிக்கு எளிய பாட அட்டைகளை உருவாக்கினார். ஊதியம் பெற்ற ஆசிரியர்கள் ஊரூராகச் சென்று கற்பித்தார்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவிலிருந்து வந்த நன்கொடை வறண்டது. ஆசிரியர்களுக்கு ஊதியம் இல்லை. பணி நின்றுவிடும் போலிருந்தது.

அப்போது மரனாவோ தலைவர்களில் ஒருவர், வாசிக்கக் கற்ற ஒவ்வொருவரும் வேறொருவருக்குக் கற்பித்தே தீர வேண்டும் என்று முழங்கினார். 'ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்' என்ற முறை இப்படித்தான் அங்கே வேரூன்றியது. திட்டமிட்ட அறிஞர் லாபாக். அதைக் காப்பாற்றியவர் அந்த மண்ணின் மனிதர். லாபாக் 1935இல் இந்தியாவுக்கும் வந்து, இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பாட அட்டைகள் உருவாக உதவினார். பின்னர் உலகின் பல நாடுகளில் அவருடைய முறை பரவியது.

மெக்ஸிகோவில் இதையே ஓர் அரசு செய்து பார்த்தது. கல்வி அமைச்சராயிருந்த கவிஞர் ஹாய்மே டோர்ரெஸ் போதெத் 1944இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட எழுத்தறிந்தவர் ஒவ்வொருவரும், 6 முதல் 40 வயதுக்குட்பட்ட எழுத்தறியாத ஒருவருக்காவது கற்பிக்க வேண்டும். 1948இல் இவரே யுனெஸ்கோவின் இரண்டாவது தலைமை இயக்குநரானார். எழுத்தறியாத மக்களுக்காக உறுப்பு நாடுகள் போதிய நிதி ஒதுக்க வேண்டுமென்று இவர் மன்றாடினார். 1952இல் நிதிநிலைத் திட்டத்தை நாடுகள் குறைத்தபோது, பதவியைத் துறந்து வெளியேறினார். இருக்கையைக் காத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. நாற்காலியைவிட நோக்கம் பெரிது என்று கண்டபடியால் எழுந்து போனார்.

எட்டாத இலக்குகள்

வெற்றிகளை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. அடிஸ் அபாபாவில் 1980க்கென்று வைத்த இலக்கு 1980இல் நிறைவேறவில்லை. 1959ஆம் ஆண்டின் இறுதியில் கராச்சியில் கூடிய ஆசிய நாடுகளும் அதே ஆண்டை இலக்காக வைத்தன. அதுவும் முழுமையாய்க் கைகூடவில்லை. 1965 செப்டம்பரில் தெஹ்ரானில் உலகக் கல்வி அமைச்சர்கள் கூடி எழுத்தறியாமையை ஒழிக்கச் சூளுரைத்தனர். அம்மாநாடு தொடங்கிய செப்டம்பர் 8ஆம் நாளே பின்பு உலக எழுத்தறிவு நாள் ஆயிற்று. அதையொட்டி 1967 முதல் 11 நாடுகளில் சோதனை முறையில் நடத்தப்பட்ட எழுத்தறிவுத் திட்டமும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை யுனெஸ்கோவே 1976இல் வெளியிட்ட மதிப்பாய்வில் வெளிப்படையாக எழுதியது.

காரணங்கள் பல. மக்கள்தொகை பள்ளிகளைவிட வேகமாய்ப் பெருகியது. பாடங்கள் அலுவலகங்களில் எழுதப்பட்டன. கற்போர் வயல்களில் இருந்தார்கள். கூடுதல் விளைச்சலே நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் ஒரு தாய் எழுத்தறிய விரும்புவது விளைச்சலுக்காக மட்டுமா? தன் பிள்ளையின் கடிதத்தைத் தானே வாசிக்க விரும்புகிறாள். தன் பெயரைத் தானே எழுத விரும்புகிறாள். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரவுமில்லை. உள்நாட்டவர் திரும்பாவிட்டால் நிபுணர் விலகவும் இயலாது. முழு ஏற்பாடும் சரிந்துபோகும்.

அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் வீணா? 1951இல் இந்தியாவில் 100 பேரில் ஏறத்தாழ 18 பேரே எழுத்தறிந்தவர். 2011 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 73 பேராக உயர்ந்தது. குறித்த ஆண்டில் குறித்த இடத்தை எட்டவில்லை; ஆனால் வண்டி நகராமல் நின்றதுமில்லை. விதைத்தவர் அறுவடையைக் காணாமற்போவது இத்துறையில் விதிவிலக்கன்று, வழக்கம். இந்தப் பணிக்கு வர விரும்பும் இளைஞர் இதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

திரும்பி வந்தவர்

ஆதிசேஷையா 1970இல் யுனெஸ்கோவை விட்டு ஓய்வுபெற்றார். பாரிஸிலோ ஜெனீவாவிலோ நிம்மதியாய் வாழ அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவரும் அவருடைய துணைவியார் எலிசபெத் அம்மையாரும் சென்னைக்குத் திரும்பினார்கள். 1971 ஜனவரியில், அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தங்கள் சேமிப்பையும் உடைமையையும் அதற்கென்று கொடுத்தார்கள். வறுமை, வேளாண்மை, கூலி, கல்வி ஆகியவற்றைப் பற்றி ஊகத்தால் பேசாமல், ஊர் ஊராய்ச் சென்று திரட்டிய தகவலால் பேசுவதே அதன் நோக்கம்.

ஆனால், தம் கையால் கட்டியதைத் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1977இல் அது இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழ்நாடு அரசும் ஆதரிக்கும் தேசிய அளவிலான நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. நிறுவியவரின் தனிச்சொத்தாகத் தொடர்ந்திருந்தால் அவரோடு அது முடிந்திருக்கலாம். அவர் 1994 நவம்பர் 21 அன்று மறைந்தார். நிறுவனமோ 50 ஆண்டுகளைக் கடந்து இன்றும் இயங்குகிறது. தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் அங்கிருந்து வெளிவந்துள்ளார்கள்.

1975 முதல் 1978 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் அதுவரை பல்கலைக்கழகத்தின் அதிகாரம். அந்த அதிகாரத்தின் ஒரு பங்கைக் கல்லூரிகளுக்கே விட்டுக்கொடுக்கும் தன்னாட்சி முறை 1978இல் லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலியவற்றில் நடைமுறைக்கு வந்தது. ஒன்று அவர் கற்ற கல்லூரி. மற்றது அவர் கற்பித்த கல்லூரி. 1976இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்தார். முதியோர் கல்விக்காகக் கடைசிவரை பேசியும் எழுதியும் வந்தார். அவர் மறைந்தபின், 1998இல், இந்திய அரசின் நிதியுதவியோடு யுனெஸ்கோ அவர் பெயரில் பன்னாட்டு எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது.

இதே பாதையில் நடந்த மற்றவர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரான டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தவர்; 1954 முதல் 1956 வரை யுனெஸ்கோ நிர்வாகக் குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். சூரத்தில் பிறந்த ஹன்சா மேத்தா, பரோடா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அரசியலமைப்பு அவையின் உறுப்பினர். ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, முதல் பிரிவில் ஆண்களைக் குறிக்கும் சொல் இருந்ததை அவர் ஏற்கவில்லை. 'மனிதர் அனைவரும்' என்ற பொருள்படும் சொல்லே வேண்டுமென்று வாதிட்டார். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட பிரகடனத்தில் அச்சொல்லே இடம்பெற்றது. ஒரு சொல்லை மாற்றிவிட்டு அவர் ஊர் திரும்பினார். அந்தச் சொல் இன்றும் உலகத்துக்கெல்லாம் பொதுவாய் நிற்கிறது.

உங்கள் பிள்ளை இப்பாதையை விரும்பினால்

முதலாவது, ஒரு துறையில் உண்மையான தேர்ச்சி வேண்டும். 'ஐ.நா. வேலை' என்று தனியாய் ஒரு படிப்பு இல்லை. ஆதிசேஷையா பொருளாதாரர், லட்சுமணசாமி முதலியார் மருத்துவர். கல்வியியல், புள்ளியியல், பொதுச் சுகாதாரம், சட்டம், நீர் மேலாண்மை, கணக்கியல் என எதுவும் ஆகலாம். பொருளாதாரத்தில் முதுகலை கற்றவர்கள் மத்திய அரசுத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும் எழுதலாம். உள்நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றிய அனுபவமே வெளியே போகும்போது கைகொடுக்கும்.

இரண்டாவது, மொழி. ஐ.நா.வின் ஆட்சிமொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். செயலகத்தின் அன்றாட வேலைமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி அல்லது மராத்தி அல்லது கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பாரமாகாது. இடம்பெயர்ந்த வாழ்க்கை அவர்களுக்குக் கொடுத்த ஆதாயம் இது. நான்கு மொழிகளுக்கிடையே நடமாடத் தெரிந்த பிள்ளை, அந்நியரோடு பழகக் கூசாது.

மூன்றாவது, வாசல்கள். 32 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளுக்கென இளம் வல்லுநர் திட்டம் என்ற தேர்வை ஐ.நா. செயலகம் நடத்துகிறது. எந்த நாட்டினர், எந்தப் பாடத்தினர் எழுதலாம் என்பது ஆண்டுக்காண்டு மாறும், ஆகவே ஐ.நா.வின் சொந்த அறிவிப்பைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். 1970இல் ஏற்படுத்தப்பட்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு மற்றொரு வாசல். 18 வயது நிறைந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் மொழிபெயர்ப்பு முதலிய உதவிகளைச் செய்யவும் அதில் இடமுண்டு.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, நியமனம் என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. 'ஜெனீவாவில் வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று நீல நிற முத்திரையிட்ட கடிதத்தோடு யார் வந்தாலும், எவ்வளவு பக்தியாய்ப் பேசினாலும், அது ஏமாற்று என்று அறிந்து விலகுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் காப்பதும் பெற்றோரின் கடமை.

நம் தெருவிலேயே தொடங்கும் வேலை

எல்லாப் பிள்ளைகளும் பாரிஸுக்குப் போகப்போவதில்லை. போக வேண்டிய தேவையுமில்லை. உலகில் இன்றும் 70 கோடிக்கும் மேற்பட்ட இளைஞரும் பெரியவரும் எழுத்தறியாதவர்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி பெண்களில் 100க்கு ஏறத்தாழ 65 பேரே எழுத்தறிந்தவர். மீதிப் பேரில் சிலர் நம் குடியிருப்பில், நம் மாடிப்படிக்குக் கீழே வாழ்கிறார்கள். பேருந்தின் பலகையை வாசிக்க இயலாமல், வருகிற ஒவ்வொரு வண்டியையும் "இது எங்கே போகிறது தம்பி?" என்று கேட்டு ஏறும் அம்மா ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வங்கியில் கைநாட்டு வைத்துவிட்டு, மையை முந்தானையில் துடைத்து மறைத்துக்கொள்ளும் பாட்டியையும் அறிந்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை வாரத்தில் மூன்று மாலைகள், ஒரு மணி நேரம், அந்த அம்மாவோடு உட்காரட்டும். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும், 15 வயதைக் கடந்தும் எழுத்தறியாதவர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டே கற்பிக்கிறது. அரசுத் திட்டம் உங்கள் தெருவுக்கு வந்தாலும் வராவிட்டாலும், ஒரு சிலேட்டும் பொறுமையும் போதும். முதலில் அவர் பெயர். பிறகு பிள்ளைகளின் பெயர். பிறகு அவர் ஏற வேண்டிய பேருந்தின் எண்ணும் இடமும். அவர் படிக்க விரும்புவதை அவரிடமே கேட்டுத் தொடங்குங்கள். தெஹ்ரானில் சூளுரைத்தவர்கள் சில இடங்களில் தவறவிட்டது அதைத்தான்.

அதன்பின் மிகக் கடினமான பகுதி வரும். அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும்போது, சொல்லை நாமே சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாமல் காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளை வளர்ப்பதிலும், சங்கங்களை நடத்துவதிலும், நாம் தொடங்கிய எந்த நற்பணியிலும் இதே சோதனை வருகிறது. நாம் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது என்ற எண்ணம் நமக்கு இனிமையாயிருக்கிறது. அது நடத்தப்படுகிறவர்களை எழும்பவிடாது.

இந்த மாதத்தில் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். கற்றுக்கொடுங்கள். ஒரு நாள், நீங்கள் நிறுத்தத்தில் அருகிலேயே நின்றிருக்க, உங்களிடம் ஒன்றும் கேட்காமல் பலகையைப் பார்த்துத் தம் பேருந்தில் அவர் ஏறிப் போய்விடுவார். அன்று உங்கள் வேலை முடிந்தது. அடுத்தவரைத் தேடுங்கள்.